ஏழாம் பாகம் இருந்த வீடு

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் டிவி பெட்டி வைத்திருந்த வீடுகள் இரண்டு, ஃபிரிட்ஜ் வைத்திருந்த வீடு ஒன்று. எங்கள் வீட்டில் இரண்டுமே கிடையாது. ஆனால் பன்னிரண்டு பாகமும் வைத்திருந்த வீடு எங்களுடையது மட்டும்தான். அந்தக் கர்வத்தில் நான் தரையில் கால் பாவாமல் நடந்த காலம் அது.

பன்னிரண்டு பாகம் என்றால் அன்றைக்கு யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்த மாயாஜாலக் கதை. கடலுக்கு அடியில் ஒரு கோட்டை, நிழலே விழாத ஒரு மந்திரவாதி, அவனிடம் சிக்கிக்கொண்ட தம்பியைத் தேடிப் புறப்படும் ஓர் இளவரசி. கதையின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால், ‘எங்கள் வீட்டிலும்தான் இருந்தது’ என்று கிளம்ப இன்றைக்கும் ஆள் இருக்கிறது.

அதைச் சேர்த்தவர் என் சித்தப்பா, அப்பாவின் தம்பி. ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். கல்யாணம் ஆகாததால் எங்களோடுதான் இருந்தார். அடுத்த வீட்டுச் சித்தப்பாக்கள் மோட்டார் சைக்கிளைத் துடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் என் சித்தப்பா புத்தகங்களைத் துடைப்பார். ஒரே கதையை மூன்று விதமாக வைத்திருந்தார். வாரப் பத்திரிகையில் தொடராக வந்தபோது கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்தது ஒன்று; ஆறாம் பாகத்தோடு பத்திரிகை இந்த ஊருக்கு வருவது நின்றுபோனதால் அது பாதியில் நின்றது. கெட்டி அட்டையும் அத்தியாயத்துக்கு ஒரு படமும் போட்ட முதல் பதிப்பு இன்னொன்று. பிறகு வந்த மலிவுப் பதிப்பு மூன்றாவது. எழுத்து எறும்பு அளவு, படம் ஒன்றுகூடக் கிடையாது.

“ஒரே கதைய எத்தன தடவதான் வாங்குவீங்க? முடிவு மாறவா போவுது?” என்று அம்மா கேட்பாள். சித்தப்பா சிரித்துக்கொண்டே பாச்சை உருண்டை போடுவார். அலமாரிக்கு நான்தான் காவல். கை கழுவாமல் யாரும் தொட முடியாது, அப்பா உட்பட.

முதல் பதிப்பில் ஒரே ஒரு குறை. ஏழாம் பாகம் இல்லை. அந்த இடத்தில் மலிவுப் பதிப்பைச் செருகி வைத்திருந்தோம். அது மற்றவற்றைவிடக் குள்ளம். ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் பல் விழுந்த வாய் மாதிரி தெரியும். தோழிகள் பார்க்க வந்தால் நான் அந்த இடத்தை முதுகால் மறைத்துக்கொண்டு நிற்பேன்.

உயரம் குறைந்ததுகூடப் பரவாயில்லை. காகிதத்தை மிச்சம் பிடிக்க மலிவுப் பதிப்பில் அந்தப் பாகத்தின் கடைசி அத்தியாயத்தையே வெட்டிவிட்டிருந்தார்கள். ஏழாம் பாகத்தின் முடிவில் இளவரசி வெறுங்கையோடு நீர்ச்சுழிக்குள் குதிக்கிறாள். எட்டாம் பாகம் திறந்தால் அவள் கையில் நெருப்பு வாள் இருக்கிறது. யார் கொடுத்தது, எப்படிக் கிடைத்தது, ஒன்றும் தெரியாது. சாயங்காலங்களில் சித்தப்பா வீட்டு வாசலில் நாற்காலி போட்டுச் சத்தமாக வாசிப்பார். அவர் குரலுக்கு மந்திரவாதி வேறு, இளவரசி வேறு. பக்கத்து வீட்டுக்காரர்கள் பாய் கொண்டுவந்து விரித்துக் கேட்பார்கள். அந்த வாள் வந்ததும் கூட்டமே குறுக்கே பேசும். சித்தப்பா சொந்தச் சரக்கு ஒன்றையும் சேர்க்கமாட்டார். “இங்க ஒரு அத்தியாயம் இல்ல” என்று சொல்லிவிட்டு மேலே போவார்.

ஒருநாள் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் நாங்கள் வழக்கமாகப் போகும் புத்தகக் கடையின் முதலாளி பாய் எங்களைப் பார்த்ததும் கையைத் தட்டினார். “வந்துட்டியா? ஏழாவது எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தியே, இதோ, இவங்ககிட்டதான் இருக்கு.” அவர் காட்டிய இடத்தில் பருத்திச் சேலை கட்டிய ஒருவர் நின்றிருந்தார். கிள்ளானில் தமிழ்ப்பள்ளி டீச்சராம். அவரிடம் முதல் பதிப்பில் அந்த ஒரு பாகம் மட்டும்தான் இருந்தது.

சித்தப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். நான்தான் கேட்டேன்: “டீச்சர், வாள் எப்படிக் கிடைக்குது?”

டீச்சர் என்னைப் பார்க்காமல் சித்தப்பாவைப் பார்த்துச் சிரித்தார். “சொல்லிட்டா ருசி போயிடும். வீட்டுக்கு வந்து வாங்கிக்கிட்டுப் போங்க. ஆனா அப்பாகிட்ட கேக்கணும்.”

அடுத்த ஞாயிறே கிள்ளான் பஸ் ஏறினோம். முன்பக்கம் ரம்புத்தான் மரம் நின்ற பலகை வீடு. அதில் டீச்சரும் அவருடைய அப்பாவும் மட்டும்தான். டீச்சரின் அம்மா இறந்து வெகுநாள் ஆகியிருந்தது. அந்த அப்பா ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர். வீட்டிலும் சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருப்பார். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருப்பார்.

“இருங்கோ தம்பி. என்ர வீட்டுப் புத்தகம் வெளியில போனா திரும்பி வாறதில்லை. அதால ஒரு வழக்கம் வச்சிருக்கிறன். ஒண்டு எடுத்தா ஒண்டு வைக்கோணும். கொண்டு வந்தனீங்களோ?”

அந்த வழக்கத்தை டீச்சர் முன்பே சொல்லியிருந்ததால் சித்தப்பா எட்டாம் பாகத்தைக் கொண்டுபோயிருந்தார். எட்டை வைத்துவிட்டு ஏழோடு திரும்பினோம். பஸ்ஸிலேயே படித்துவிட்டேன். வாள் தம்பியின் நிழலிலிருந்து செய்யப்பட்டது! அன்று சாயங்காலம் எங்கள் வாசலில் பாய் விரிக்க இடமில்லை. சித்தப்பா வாசித்து முடித்தபோது யாரும் எழுந்து போகவில்லை. அத்தனை பேரும் எங்களைப் பார்த்த பார்வையில் எனக்கு உடம்பு ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி இருந்தது.

தொல்லை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. ஏழைத் திருப்பிக் கொடுக்கப் போனால் டீச்சர் இன்னும் எட்டை முடிக்கவில்லையாம். சரி, அடுத்த வாரம். அடுத்த வாரம் எட்டு முடிந்திருந்தது, ஆனால் ஒன்றிலிருந்து படித்தால்தான் முழுதாகப் புரியும் என்றார். சித்தப்பா மறுவாரமே ஒன்றையும் இரண்டையும் தூக்கிக்கொண்டு போனார். எனக்கு அநியாயமாகப் பட்டது. இந்த மனிதர் வைக்கிறாரே ஒழிய எடுக்கிற வழியைக் காணோம். பத்திரிகைக் கிழிசலையும் டீச்சர் பார்க்க ஆசைப்பட்டார். ஒவ்வொரு பக்கத்தின் பின்னாலும் இருந்த பாதிச் சமையல் குறிப்பையும் பாதி ஜோக்கையும் இருவரும் வாசித்து வாசித்துச் சிரித்தார்கள். “பாவம், அட்டையெல்லாம் பிஞ்சு போச்சே, நான் ஒட்டித் தரேன்” என்றார் டீச்சர். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மழைக்காலம் முடிவதற்குள் எங்கள் அலமாரியில் பாச்சை உருண்டைகள் மட்டும்தான் இருந்தன. பன்னிரண்டு பாகமும் கிள்ளானில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா கிள்ளானுக்குப் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. வாசலில் நாற்காலி போடுவதும் நின்றது. பட்டறையிலிருந்து வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அந்தக் கிழவர் புத்தகங்களை அமுக்கிவிட்டார் என்று எனக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது.

ஒரு நல்ல நாள் பார்த்து அப்பாவும் அம்மாவும் தட்டில் பழம், வெற்றிலை பாக்கோடு கிள்ளானுக்குப் போனார்கள். எனக்கு உயிர் வந்தது. பெரியவர்கள் நேரில் போய்க் கேட்டால் கொடுக்காமல் என்ன செய்வார்? ஆனால் திரும்பி வந்தவர்கள் கையில் ஒரு பாகம்கூட இல்லை. கொண்டுபோன பழத்தையும் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள்.

“யோசிச்சுச் சொல்றாராம்” என்றார் அப்பா. அம்மா, “அவங்க ஆபீஸ் வழி, நம்ம கூலி வழி. யோசிக்கத்தான் செய்வாரு” என்றாள். சித்தப்பா எழுந்து வெளியே போனார். அந்த ஸ்டேஷன் மாஸ்டர் கொடி காட்டிய தண்டவாளத்தைப் போட்டவர்கள் எங்கள் ஆட்கள். அவர் எங்கள் ஆட்களுக்கு உத்தரவு போட்டே பழகியவர். இதெல்லாம் இப்போது எழுதும்போது தெரிகிறது. அன்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நம் பொருளைக் கேட்க இத்தனை பணிவு எதற்கு? இவர்களை நம்பினால் ஆகாது என்று முடிவு செய்தேன்.

அடுத்த முறை அவர்கள் புறப்பட்டபோது செருப்பை மாட்டிக்கொண்டு நானும் வாசலில் நின்றேன். அம்மா முறைத்தாள். “வரட்டும் லா, விடு” என்றார் அப்பா. சித்தப்பா வெள்ளைச் சட்டை போட்டு, பஸ்ஸில் வழி முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார்.

கிள்ளான் வீட்டில் தேநீர் வந்தது, முறுக்கு வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. மழையைப் பற்றிக் கொஞ்சம், பெட்டாலிங் ஜெயாவில் கட்டும் புது வீடுகளைப் பற்றிக் கொஞ்சம். டீச்சர் உள்கதவு ஓரமாக நின்றார். முகம் வீங்கியிருந்தது. அப்பா தொண்டையைக் கனைத்து, “ஐயா முடிவு என்னன்னு…” என்று இழுத்தார். கிழவர் தரையைப் பார்த்தார். “அவசரப்படுத்தாதேங்கோ. எனக்கு இருக்கிறது இது ஒண்டுதான்” என்றார்.

பன்னிரண்டை வைத்துக்கொண்டு ஒன்று என்கிறாரே! நான் எழுந்துவிட்டேன்.

“தாத்தா, பன்னிரண்டும் எங்களுது. இங்க வச்சிருந்தா என்ன பிரயோசனம்?”

அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை. கிழவர் மெதுவாகத் தலை நிமிர்ந்தார். “ஏன் பிள்ளை, இஞ்ச என்ன குறை? பத்திரமாத்தானே வச்சிருக்கிறன்.”

“பூட்டித்தானே வச்சிருக்கீங்க? எங்க வீட்டுல சித்தப்பா சத்தமா வாசிப்பாரு. எல்லாரும் பாய் போட்டு உக்காந்து கேப்பாங்க. ஒரே சிரிப்பா இருக்கும். இங்க யாரு சிரிக்கிறா? டீச்சரே முன்ன மாதிரி சிரிக்கிறது இல்ல.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். சித்தப்பா, “சின்னப் பிள்ள, ஐயா. தெரியாம பேசுது” என்றார். அன்றைக்கு அவர் பேசியதே அது ஒன்றுதான்.

கிழவர் அவரைப் பார்க்கவில்லை. திரும்பிக் கதவோரம் நின்ற மகளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: “உங்கட வீட்டில ஆர் கவனமாப் பாத்துக்கொள்ளுறது?”

“நான்தான்” என்றேன். “பட்டறை அழுக்கோட சித்தப்பாவையே தொட விடமாட்டேன். ஒரு மடிப்பு விழாம நான் பாத்துக்கறேன்.”

அவர் எழுந்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தார். அப்பாவைப் பார்த்து, “தை பிறக்கட்டும். நல்ல நாளாப் பாப்பம்” என்றார். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். டீச்சர் உள்ளே ஓடிவிட்டார். சித்தப்பா அப்படியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இரும்புச் சாமான்களை ஒற்றை ஆளாகத் தூக்குகிறவருக்கு உதடு துடித்தது. புத்தகம் எடுத்துப் போக நல்ல நாள் எதற்கு, இப்போதே எடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. நல்லவேளை, கிழவர் பழைய செய்தித்தாளை விரித்து அப்போதே கட்ட ஆரம்பித்தார்.

ஒவ்வொரு பாகமாக எடுத்தார். வேட்டி நுனியால் அட்டையைத் துடைத்தார். பிய்ந்த அட்டைகளை டீச்சர் சுத்தமாக ஒட்டியிருந்தார். அந்த ஒட்டுகளின் மேல் ஒரு முறை விரலை ஓட்டிவிட்டுத்தான் காகிதத்தில் சுற்றினார். எனக்குப் பொறுமை போயிற்று. பஸ்ஸை விட்டுவிடுவோமே! ஆனாலும் நின்றேன். பெரியவர்கள் இரண்டு முறை வந்தும் நடக்காத காரியம், நான் ஒரு முறை வாயைத் திறந்ததும் நடந்துவிட்டது. அந்தப் பெருமையில் நெஞ்சு நிமிர்ந்து, கழுத்து வலித்தது.

கடைசியாக அவருடைய ஏழாம் பாகத்தையும் எடுத்துச் சுற்றினார். நான் நேர்மையானவள். “தாத்தா, அது எங்களுது இல்ல. டீச்சரோடது” என்றேன்.

“தெரியும் பிள்ளை. அதுவும் உங்களோட வரட்டும்.”

சொல்லும்போது குரல் உடைந்தது. கயிற்றை முடிச்சுப் போட வரவில்லை. கண்ணிலிருந்து ஒரு சொட்டு செய்தித்தாளின் மேல் விழுந்தது. நான் பதறிப்போனேன். புத்தகத்தின் மேல் இந்த மனிதருக்கு இத்தனை பாசமா? வென்றவர்கள் கொஞ்சம் தாராளமாகத்தான் இருக்க வேண்டும். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னேன்.

“அழாதீங்க தாத்தா. நாங்க நல்லாப் பாத்துக்குவோம். படிச்சு முடிச்சதும் திருப்பிக் கொண்டாந்து குடுத்துருவோம்.”