பக்கம் மாறிய மணிக்கூண்டு

என் அக்காவுக்கு நான் பன்னிரண்டாயிரம் கடன்பட்டிருந்தேன். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. சொந்தமாக ஒரு கடை அறை வாங்க, தையல் மிஷினை மிதித்து மிதித்து அவள் சேர்த்த காசு. அதை மொத்தமாகத் தொலைத்தவன் நான். பதினான்கு தேவாலயங்களுக்குக் கட்டடப் படம் போட்டவனுக்கு இதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

பள்ளிக்கூடத்தில் நான் ஒரு வருஷம்கூட முழுசாக உட்கார்ந்ததில்லை. இருபத்தாறு வயதில், கொத்தனாராக இருந்தபோதே ஒரு சின்ன மாதா கோவிலைக் கட்டித்தர ஒப்பந்தம் எடுத்தேன். என்ஜினியர் தந்தது மெல்லிய டிரேசிங் தாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் கோடு தெரியும். அளவுகளை அவர் சொல்லச் சொல்ல மனப்பாடம் செய்துகொண்டேன். தாளை விரித்து, கயிறு கட்டி, அஸ்திவாரம் தோண்டி, கான்கிரீட்டும் போட்டாயிற்று. அதற்குப் பிறகுதான் என்ஜினியர் வந்தார். சாலையோரம் வரவேண்டிய மணிக்கூண்டுக்கு, பக்கத்து வீட்டுச் சுவரோரம் அஸ்திவாரம் கிடந்தது. தாளை நான் புரட்டிப் போட்டிருக்கிறேன்.

“எழுத்தெல்லாம் திரும்பி நிக்குதே, அதுகூடவா தெரியல?”

“நேரா நின்னாலும் எனக்கு அப்படித்தான் சார் தெரியும்.”

வேலையாட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் செலவிலேயே உடைத்து, என் செலவிலேயே போட வேண்டியதாயிற்று. அக்காவிடம் போய் நின்றேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. “கடை எங்கடா ஓடிடப் போகுது? நீ முதல்ல கூண்டைத் தள்ளி வை” என்று பையோடு தூக்கிக் கொடுத்துவிட்டாள். கடை ஓடவில்லைதான், அதன் விலை ஓடியது.

அன்றிலிருந்து நான் விடவில்லை. அக்கா துணி அளவு எழுதும் நோட்டைப் பார்த்தே எழுத்தைக் கற்றேன். ‘தோள்’ என்ற சொல்லை என்னளவு அழகாக எழுத இன்றும் ஆள் கிடையாது. அதே என்ஜினியரிடம் ஒன்பது வருஷம் படம் போட்டேன். கோடு என்னுடையது, கையெழுத்து அவருடையது.

பிறகு ஒரு பெரிய கோவிலை இடித்துக் கட்டப்போவதாகத் தெரிந்தது. பட்டம் வாங்கிய மூன்று பேர் படம் கொடுத்திருந்தார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்ப் பழைய கோவிலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே ஒரு தூண். பக்கத்தில் இருந்த பெரியவர், “இருபது வருஷமா நான் இதைத்தான் கும்பிட்டுட்டுப் போறேன்” என்றார். எனக்கு அது போதும். நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல், கூரைப் பாரத்தையெல்லாம் வெளிச்சுவர் முட்டுகளில் இறக்கி வரைந்தேன். என்ஜினியர் கணக்குப் போட்டுப் பார்த்து, மறுபேச்சில்லாமல் கையெழுத்திட்டார்.

கோவில் பொருளாளர் என் படிப்பைக் கேட்டார். நான் படத்தை அவர் முன்னால் விரித்தேன்.

“எங்க உக்காந்தாலும் பீடம் தெரியும். ஒரு இடத்துல மறைச்சாலும் எனக்குக் கூலி வேண்டாம்” என்றேன்.

வீம்புதான். ஆனால் அக்கா வாங்க நினைத்த கடை அறையின் சொந்தக்காரர் கடைசி விலையாக நாற்பத்தைந்தாயிரம் சொல்லி, அந்த வருஷம் வரைதான் பொறுப்பேன் என்றிருந்தார். அந்தக் கூலியை விட்டால் எனக்கு வேறு வழியில்லை. அந்த நிபந்தனையின் பேரில் என் படத்தையே எடுத்துக்கொண்டார்கள்.

கட்டி முடித்த அன்று பொருளாளர் நானூறு இடத்திலும் உட்கார்ந்து எழுந்தார். முட்டிபோட்டார். மூலையில் ஒட்டி நின்று கழுத்தை வளைத்தார். கடைசியில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே காசோலை எழுதினார்.

பணமாக மாற்றிக்கொண்டு நேரே அக்காவிடம் போனேன். கழுத்தில் அளவு நாடாவோடு சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

“நான் குடுத்தது பன்னெண்டுதானேடா. இது என்ன இவ்வளவு?”

“நீ குடுத்தது உன் கடையை, அக்கா. கடையைத்தான் திருப்பித் தர்றேன்.”

அக்கா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்த அந்த உள்ளங்கையில், ஒன்று, இரண்டு என்று வாய்விட்டுச் சொல்லி, நாற்பத்தைந்தாயிரத்தையும் எண்ணி வைத்தேன்.