கேள்வியை என்கிட்ட கேளுங்க

பரளச்சி ஜெகதீஸ்வரிக்குப் பத்து வயதில் டிராக்டர் ஏறி இடது கால் முழங்காலோடு போனது. அன்றிலிருந்து ஊர் அவளிடம் பார்த்ததெல்லாம் அந்தக் காலைத்தான். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படித்ததையும், அருப்புக்கோட்டையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்ததையும் யாரும் கணக்கில் வைக்கவில்லை. பரளச்சியில் கிணற்று மோட்டார் புகைந்தால் டவுனுக்குத்தான் ஏற்றிப்போக வேண்டும். அதனால் ஊரிலேயே பட்டறை போட நினைத்தாள். லோனு கேட்டு, சித்தப்பா மாரிச்சாமியோடு, மாற்றுத்திறனாளிகளுக்குத் தொழில் கடன் தரும் அரசு அலுவலகத்துக்குப் போனாள்.

அலுவலகம் மாடியில். கக்கத்துக் கட்டைகளை ஊன்றி இருபத்திரண்டு படி ஏறி வேர்த்து நின்றவளை அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பெரியவரே, பொண்ணுக்கு என்ன வயசு?"

"முப்பத்திரண்டு" என்றாள் ஜெகதீஸ்வரி.

"படிச்சிருக்கா?" அதுவும் சித்தப்பாவிடம்தான். "மோட்டாரெல்லாம் எதுக்கு? பாவம், ஊதுபத்தி உருட்டுறது மாதிரி உக்காந்து பாக்குற வேலையாக் கேளுங்க."

காயில் கட்டுவது உட்கார்ந்து பார்க்கிற வேலைதான். அதைக்கூட அறியாதவர் அவளுக்குத் தொழில் சொல்கிறார்! மாரிச்சாமியோ கைகட்டி, "சரிங்க சார்" என்றார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"சித்தப்பா, நீங்க செத்த வெளிய இருங்க" என்று அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினாள். "சார், பட்டறை போடப்போறது நான். கேள்விய என்கிட்ட கேளுங்க. எத்தன சுத்து, என்ன கம்பின்னு கேளுங்க."

அதிகாரி முகம் சிவந்தது. பக்கத்து மேசைக்குக் குரல் கொடுத்தார்: "சுகந்தி, இந்த நொண்டிப் பொண்ணு ஃபைல ஓரமா வைம்மா."

அவர் தலைக்கு மேலே சுவரில், மாற்றுத்திறனாளிகளை மதிப்போம் என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது.

ஜெகதீஸ்வரி அங்கேயே உட்கார்ந்து, அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதி மேலதிகாரிக்குப் புகார் கொடுத்தாள். சுகந்தி அதை வாங்கி முத்திரை குத்தினாள். அதிகாரி மன்னிப்புக் கேட்கவில்லை. விளக்கம் மட்டும் எழுதிக் கொடுத்தாராம். லோனு வர ஐந்து மாதம் ஆயிற்று.

பட்டறை திறந்த வாரம் விவசாயி வீரபாண்டி கிணற்று மோட்டாரோடு வந்தார்.

"பட்டறைக்காரவுக இல்லையா?"

"நாந்தான். எறக்குங்கண்ணே."

"நீயா? ஒன்னால நடக்கவே ஏலாதே."

"அண்ணே, மோட்டாரு ஓடணுமா, நான் ஓடணுமா?"

மறுநாளே மோட்டார் ஓடியது. அவரும் சந்தோஷமாக டீக்கடையில் நாலு பேரிடம், "நொண்டிச்சி பட்டறையில வேலை சுத்தம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாராட்டிலும் அந்தச் சொல்தானா? ஜெகதீஸ்வரி கட்டையை ஊன்றி டீக்கடைக்கே போனாள்.

"அண்ணே, என் பேரு ஜெகதீஸ்வரி. போர்டுல எழுதியிருக்கு."

"தப்புத்தான் தாயி" என்றார் வீரபாண்டி.

எல்லோரும் அவரைப் போல இல்லை. பழைய சொல்லோடு இன்றும் சிலர் வந்து நிற்கிறார்கள். ஜெகதீஸ்வரி என்று பேரைச் சொல்லிக் கேட்கும்வரை அவர்களுடைய மோட்டாரை வண்டியைவிட்டு அவள் இறக்கவிடுவதில்லை.