சுரண்டாத பக்கம்

அத்தையின் கட்டைவிரல் நகம் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. கோயிலில் பிரசங்கம் கேட்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் ஆள்காட்டி விரலின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். இசபெல்லா அத்தை என் அப்பாவின் அக்கா. கள்ளக்குறிச்சியில் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றில் வேலை செய்தார். செம்புக்கம்பியின் மேல் பூசியிருக்கும் எனாமலை பிளேடால் சுரண்டி, ஈயம் வைத்து ஒட்டுவார். அந்தப் புகையை வருடக்கணக்கில் இழுத்த நெஞ்சு ஒருநாள் போதும் என்றது. ஈயப் புகைப் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர்.

அத்தையிடம் ஒரு பொம்மை ரயில் இருந்தது. மகனுக்கென்று வாங்கியது, அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட, ரயில் இவரிடமே தங்கிவிட்டது. மூன்று பலகைகளில் தண்டவாளம் பதித்து, கடையில் மிஞ்சிய கம்பியாலேயே வயரிங் செய்திருந்தார். கிறிஸ்துமசுக்கு அது மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக் கோயிலுக்குப் போகும். பலகைகளை அங்கே சேர்த்து, கம்பிகளை ஈயம் வைத்து ஒட்டினால் குடிலைச் சுற்றி ஓடும். நெஞ்சு கெட்ட வருடம் ரயில் போகவில்லை. மறுவருடம் எப்படியும் ஓட்டிவிட வேண்டும் என்று, ஈயம் வேண்டாத கனெக்டர் தேடி தீனதயாளன் எலக்ட்ரிக் கடைக்கு என்னையும் அழைத்துப் போனார். நான் இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நேரம்.

"நம்ம ஊருக்கு ரயில் வுடற ஆளு வந்துட்டாங்க," என்றார் தீனதயாளன். "ஸ்குரூ வச்சது தரட்டுமாக்கா? வெல கம்மி."

"மெல்லிசு கம்பிப்பா. ஸ்குரூ முறுக்குனா அறுத்துடும்."

"அப்ப கம்பி முனையில திம்பிள் குழாய் போட்டு நசுக்கிடுங்க."

"நசுக்கிட்டா எப்புடிப் பிரிக்கறது? வருஷா வருஷம் வெட்டிக்கினே இருந்தா கம்பி குட்டையாப் பூடும்."

கடைசியில் தீனதயாளன் லிவர் வைத்ததை எடுத்துப்போட்டார். லிவரைத் தூக்கி, கம்பியைச் செருகி, அமுக்கினால் போதும். "புகை இல்ல, இருமல் இல்ல," என்றார். அத்தை என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வீட்டில் மாட்டியதும் ரயில் நிற்காமல் ஓடியது. அன்று அத்தை அடுப்பு பற்றவைக்கவில்லை. பரோட்டா வாங்கிவரச் சொன்னார்.

கனெக்டர்களைக் கழற்றி, பலகைகளைப் போர்வையில் சுற்றி, இளவரசனின் ஜீப்பில் ஏற்றினோம். வெள்ளிமலையில் அவர் வண்டிதான் கோயிலுக்கு வாடிக்கை. வளைவுகளில் வண்டியை நடக்கவிட்டார்.

கோயிலில் பலகைகளைச் சேர்த்து, கம்பிகளைத் திரும்பச் செருகினோம். ரயில் முதல் பலகையைத் தாண்டி நின்றது. லிவர்களை அமுக்கி அமுக்கிப் பார்த்து அத்தைக்கு மூச்சு வாங்கியது. சுற்றிலும் பிள்ளைகள், பெரியவர்கள்.

"பள்ளம் மேடு பாக்காம ஓட்டிக்கினு வந்தா இன்னா ஆவும்?" என்றார் அத்தை இளவரசனிடம். "கட்டுனது எல்லாத்தையும் ஆட்டி வச்சிட்ட."

"மெதுவாத்தானக்கா வந்தேன்."

"போன வாரம் எங்க வூட்டு முட்டையும் இவன் மெதுவா ஓட்டித்தான் ஒடஞ்சி போச்சு," என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். இளவரசன் வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு கோயில் வேலைக்கு வேறு வண்டியைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஜனவரியில் அத்தை கனெக்டர்களைப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தார். பழக்கத்தில் கம்பியை ஒரு பக்கம் மட்டும் சுரண்டியிருந்தார். ஈயத்துக்கு அது போதும், சுரண்டிய இடத்துக்கு உருகி ஓடிப் பிடித்துக்கொள்ளும். கனெக்டரின் தகடோ தான் கடிக்கும் பக்கத்தை மட்டும்தான் தொடும். வீட்டில் செருகியபோது சுரண்டிய பக்கம் அகப்பட்டது. மலையில் மறுபடி செருகியபோது மின்சாரத்தை விடாத எனாமல் இருந்த பக்கம். ஜீப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

"இளவரசனுக்கு போன் போடட்டுமா அத்த?"

"வேணாம் ஷீபா. ஊரு முன்னால திட்டுனேன். போன்ல சொன்னா அவனுக்கு மட்டுந்தான் கேக்கும். அங்க போயிதான் சொல்லணும்."

தவக்காலத்தில் போகலாம் என்றார். பிறகு ஈஸ்டருக்கு என்றார். பஸ் நிறுத்தம் வரை நடப்பதே அவருக்குப் பெரிய வேலையாகியிருந்தது. ஆடி மாதம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அடக்கத்துக்கு இளவரசன் வந்திருந்தார். கல்லறை வாசலில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கு அப்பவே தெரியும்மா, வண்டி மேல தப்பு இல்லன்னு," என்றார். "சிரிச்சவங்களுக்கு இல்ல தெரியணும்."

கோயில் கமிட்டிக்காரர்களிடமும் சொன்னேன். அப்படியா என்று கேட்டுக்கொண்டார்கள். கம்பி, எனாமல் என்று நான் விளக்கிக்கொண்டிருந்ததில் அவர்கள் கவனம் வேறெங்கோ போனது. அத்தை என்றால் ஒரே வரியில் சொல்லியிருப்பாரோ, என்னவோ. நான் எப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை. இந்தக் கிறிஸ்துமசுக்கும் வேறு வண்டியைத்தான் பேசியிருக்கிறார்கள்.