கதவைச் சாத்திக்கொண்ட மகள்

மனைவி இறந்த பிறகு, செகந்திராபாத்தை அடுத்த ஹப்சிகுடா வீட்டில் நானும் பத்தாம் வகுப்பு படிக்கும் மகளும் மட்டும்தான். நான் தமிழில் ஏதாவது கேட்டால் அவள் தெலுங்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். பயந்துபோய் அவளை ஒரு குடும்ப ஆலோசகரிடம் அழைத்துப் போனேன். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி அவர்.

"இவ யாரோடயும் பேசறதில்ல மேடம். நீங்கதான் சரி பண்ணணும்" என்றேன்.

"நான் மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது சார். மூணு பேருமா சேர்ந்துதான் பார்க்கணும்" என்றவர், எங்கள் தூக்கம், சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமைகள் என்று எல்லாவற்றையும் விசாரித்தார். பிறகு மகளிடம், "வீட்டுல உனக்கு எது கஷ்டமா இருக்கும்மா?" என்று கேட்டார்.

அவள் தரையைப் பார்த்தபடி தமிழிலேயே சொன்னாள்.

"அம்மா போனதுலேர்ந்து அப்பா கிச்சன்ல நின்னுட்டேதான் சாப்பிடறார். என்னால அதைப் பார்க்க முடியல."

சாப்பாட்டு மேசையில் மனைவியின் நாற்காலிக்கு எதிரே உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

"என்ன செய்யலாம்னு நீங்க ரெண்டு பேருமே சொல்லுங்க" என்றார் ஆலோசகர்.

ஹாலில் தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று மகள் சொன்னாள். அன்றே பாய் விரித்து உட்கார்ந்தோம். பேச்சு அதிகமில்லை. வீடு வெறிச்சென்றுதான் இருந்தது. ரசப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தி, "இன்னும் கொஞ்சம் ஊத்திக்கோங்கப்பா" என்றாள்.