சத்தத்தைக் குறைத்தவர்

அந்த வீடியோ நிறுவனத்தில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. முதலாளியின் மகளைக் கட்டியவர் என்பதால் முதலாளி ‘மாப்பிள்ளை’ என்றார். அதைக் கேட்டுக் கேட்டு எடிட்டர்களும் ‘மாப்பிள்ளை’ என்றார்கள். தண்ணீர் கேன் போடுகிறவர்கூட ‘மாப்பிள்ளை சார்’ என்றுதான் குரல் கொடுப்பார். மரியாதையான வார்த்தைதான், யார் இல்லை என்றது? ஆனால் சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்களே, அந்தப் பார்வையில் மரியாதை மருந்துக்கும் கிடையாது.

சொந்தமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்து, அது படுத்துவிட்ட பிறகு மாமனார் வீட்டு மாடிக்குக் குடிவந்தவர் அவர். “சும்மா உக்காந்திருந்தா மனுஷன் கெட்டுப்போவான்” என்று மாமனார் தன் நிறுவனத்தின் பின்னறையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். அந்த அறையில்தான் கம்ப்யூட்டர்கள் ராப்பகலாக ஓடும். அவை சூடேறாமல் பார்த்துக்கொள்வது வேலை.

அதற்கான சாப்ட்வேரை அவரே போட்டிருந்தார். திரையில் ஒவ்வொரு கம்ப்யூட்டரின் சூடும், ஒவ்வொரு டிஸ்க்கின் சூடும், அதன் கீழேயே ஃபேன் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பதும் ஓடிக்கொண்டிருக்கும். சூடு ஏறினால் ஃபேன் தானே வேகமெடுக்கும். அதையும் மீறி ஏறினால் எண் சிவப்பாகும், அலாரம் கத்தும். “மாப்பிள்ளை, இன்னைக்கு யாருக்குக் காய்ச்சல்?” என்று எடிட்டர்கள் எட்டிப் பார்த்துக் கேட்பார்கள். அவரும் சிரித்துவைப்பார். சிரிக்காவிட்டால் இன்னும் ரெண்டு நாளைக்கு அதையே சொல்வார்கள். ஆனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார் என்பதுதான் நிஜம்.

அந்த அறையில் பெரிய சத்தம் போடுவது, எடுத்த வீடியோக்களையெல்லாம் சேமித்துவைக்கும் டிஸ்க் பெட்டியின் ஃபேன்கள்தான். பக்கத்தில் வாடிக்கையாளர்களை உட்காரவைக்கும் அறை. நடுவில் வெறும் பலகைத் தடுப்பு.

“மாமா, நகலும் அதே பெட்டியிலதான் இருக்கு. வேற இடத்துல ஒண்ணு வைக்கணும்” என்று அவர் சொல்லியிருந்தார்.

“ஆகட்டும், பாக்கலாம்” என்றார் மாமனார். அவருடைய ‘பாக்கலாம்’ என்றால் அந்தப் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

ஒரு நாள் பெரிய கட்டுமான நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். மாதக்கணக்கில் அலைந்து அவர்களுக்காக எடுத்த படம் முடிந்திருந்தது. அதைப் பார்த்துச் சரி சொல்ல வந்தவர்கள். மாமனார் பின்னறை வாசலில் வந்து நின்றார்.

“மாப்பிள்ளை, கொஞ்சம் சத்தத்தைக் குறைங்களேன். அவங்க போற வரைக்கும்தான்.” திரும்பப் போனவர் நின்றார். “குறைச்சிட்டு நீங்களும் வந்து உக்காருங்க.”

அந்தக் கடைசி வார்த்தையில்தான் மனிதர் விழுந்தார். வாடிக்கையாளர் அறைக்குள் நாற்காலி தூக்கிப் போடப் போயிருக்கிறாரே தவிர, நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. தானாக வேகமெடுக்கும் ஃபேன்களைச் சாப்ட்வேரில் குறைந்த வேகத்திலேயே கட்டிப்போட்டார். அலாரத்தை ஊமையாக்கினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

“எங்க மாப்பிள்ளை. டெக்னிக்கல் பக்கம் முழுக்க இவர்தான்” என்றார் மாமனார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. வாயெல்லாம் பல்.

படம் வந்தவர்களுக்குப் பிடித்துவிட்டது. அவர்களைச் சாப்பிட வைத்து ஸ்டேஷனில் விட்டு வரும்படி கார் சாவியும் இவர் கைக்கு வந்தது. பின்னறை வாசலைத் தாண்டும்போது நினைவு வந்து நின்றார்.

“மாமா, ஃபேனை மட்டும் மறுபடி...”

“அட, நான் பாத்துக்கறேன். அவங்களை நிக்க வைக்காதீங்க.”

பின்னறை வாசலை ஒட்டித்தான் அவர் மனைவியின் மேஜை. கணக்கு வேலை அவளுடையது. அவள் நிமிர்ந்து பார்த்து, “போயிட்டு வாங்க” என்று சிரித்தாள். புருஷன் கார் ஓட்டிக்கொண்டு போவதில் அவளுக்கும் பெருமைதான்.

மாமனாருக்கு அந்தச் சாப்ட்வேரைத் திறக்கக்கூடத் தெரியாது. அது மாப்பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துதான் போனார். அதை நினைத்து நினைத்து அவர் பிற்பாடு வெந்தார்.

திரும்பி வந்தபோது பின்னறை அமைதியாக இருந்தது. திரை முழுக்கச் சிவப்பு. பெட்டிக்குப் பக்கத்தில் கை வைக்க முடியவில்லை. எடிட்டர்கள் அடுத்த வேலையைப் போட்டு டிஸ்க்குகளை முழு மூச்சாக ஓடவிட்டிருந்தார்கள். பாதி டிஸ்க் செத்துவிட்டது. மீட்டுத் தருகிறவர்களும் கையை விரித்தார்கள். கட்டுமான நிறுவனத்தின் படம், அதற்காக எடுத்த காட்சிகள், அவற்றின் நகல், எல்லாம் போயிற்று.

அவர்கள் கைவிரித்த மறுநாள் காலையில் எல்லோரையும் கூடத்தில் நிற்கவைத்து மாமனார் கேட்டார். “ஃபேனைக் குறைச்சது யாரு?”

“நான்தான். நீங்க சொல்லித்தானே மாமா குறைச்சேன்? போறப்போ நீங்க பாத்துக்கறேன்னு...”

“நானா? எனக்கு அதுல ஆனா ஆவன்னா தெரியுமா? நான் எப்படிய்யா பாத்துக்கறேன்னு சொல்லுவேன்?” அன்றைக்கு ‘மாப்பிள்ளை’கூட இல்லை. மகள் பக்கம் திரும்பினார். “நீ அங்கதானம்மா இருந்தே. நான் அப்படிச் சொன்னேனா?”

அவள் கையிலிருந்த கணக்கு நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் வேலையா இருந்தேன்ப்பா. காதுல விழலை.”

இருக்கிற ஒரே வேலையையும் ஒழுங்காகப் பார்க்காதவர் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. பின்னாலிருந்து யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

மாடிக்குப் போனதும் அவர் மனைவியிடம் சொன்னார். “உனக்குக் கேட்டுச்சு.”

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். “கேட்டுச்சுங்க. அதுக்காக அத்தனை பேர் முன்னாடி அப்பாவை விட்டுக்கொடுக்க முடியுமா?”

“என்னை விட்டுக்கொடுக்கலாமா?”

“உங்களுக்கென்ன, ஏற்கெனவே அவங்கெல்லாம்...” என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மிச்சத்தை அவள் சொல்லியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

புதுப் பெட்டி வந்தது. பழையதைவிட அதிகச் சத்தம். நகலை வேறு இடத்தில் வைத்தார்கள். “நான்தான் சொன்னேன், ஒண்ணு வெளியில இருக்கட்டும்னு” என்று மாமனார் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். இவரும் அதே நாற்காலியில் இருந்தார். வீட்டு மாப்பிள்ளையை எங்கே அனுப்புவது?

பிறகொரு நாள் வேறு வாடிக்கையாளர்கள் வந்தார்கள். மாமனார் வாசலில் வந்து நின்றார். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. உள்ளங்கையைக் கீழ்நோக்கிக் காட்டி மெல்லத் தாழ்த்தினார்.

மாப்பிள்ளை எழுந்து வாசலுக்கு வந்தார். “என்ன மாமா? வாயைத் திறந்து சொல்லுங்க.”

வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமனார் அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “சத்தத்தைக் குறைங்க மாப்பிள்ளை” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

மாப்பிள்ளை மனைவியின் பக்கம் திரும்பினார். எட்டிக் கை நீட்டினால் தொடுகிற தூரம்தான்.

“அப்பா சொன்னது கேட்டுச்சா?”

அவள் தலையைத் தூக்கவில்லை. “இந்த ஃபேன் சத்தத்துல ஒண்ணும் கேக்கலைங்க.”

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். சத்தத்தைக் குறைக்கவில்லை.