கழுதைக்காரரின் தங்கை

ஆவுடைநாயகம் மீசை அரும்பிய நாளிலிருந்து திருநெல்வேலி டவுணில் ஒரே ஜவுளிக்கடையில் வேட்டி கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். தொண்ணூற்று மூன்றில் முதலாளி செத்துப்போனார். மகன்கள் கடையை இழுத்து மூடிவிட்டார்கள். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் அம்மா வடிவம்மாளும் தங்கை பிருந்தாவும். தாத்தா காலத்து வயலெல்லாம் எப்போதோ கைமாறிப் போயிருந்தது. வயல்காரப் பிள்ளைமார் என்ற மிதப்பு மட்டும் அம்மாவிடம் குறையாமல் இருந்தது.

திருச்செந்தூரில் ஒரு கடையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒருநாள் போனார். கடற்கரை வழியாக நடந்தபோது, மூட்டை இறக்கிய கழுதை ஒன்றைக் காட்டி ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் துணி வெளுக்கிறவர் அதைத் தூக்கிக் கழுதைமேல் உட்கார வைத்தார். அழுகை நின்றது. குழந்தை சிரித்த சிரிப்பில், பக்கத்தில் நின்ற பிள்ளைகளும் தங்களை ஏற்றச் சொல்லி அப்பன்மார் கையை இழுத்தன. ஆவுடைநாயகம் வேலை கேட்கப் போகவேயில்லை. பொழுது சாயும்வரை அங்கேயே நின்று பார்த்துவிட்டு பஸ் ஏறினார். வீட்டுக்கு வந்ததும், கடற்கரையில் பிள்ளைகளுக்குக் கழுதைச் சவாரி விடப்போவதாகச் சொன்னார்.

"ஏலே, கழுதை மேய்க்கவா ஒன்னப் பெத்தேன்?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "நாலு பேரு கேட்டா என்னலே சொல்லுவேன்?"

பிருந்தாதான் குறுக்கே வந்தாள். "களவாங்கவா போறான்? அண்ணன் செய்யட்டும்மா. பிள்ளையள சிரிக்க வைக்கது ஒரு கேவலமா?"

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அம்பாசமுத்திரம் போய் இரண்டு கழுதைகளைப் பிடித்துவந்தார். மிச்சம் கிடந்த வெல்வெட் துணியில் பஞ்சை அடைத்துச் சேணம் தைத்துக் கொடுத்தவள் பிருந்தா. ஓரத்தில் ஜரிகை வைத்தாள். கழுதைகளுக்கு ராஜாத்தி, மன்னாரு என்று பேர் வைத்ததும் அவள்தான்.

தொழில் லேசில் பிடிபடவில்லை. அலைச்சத்தம் கேட்டாலே மன்னாரு நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிடும். வேலை இல்லாத வேளையிலெல்லாம் அதை ஈர மணலில் பைய நடத்திப் பழக்கினார். ஜவுளிக்கடைப் பழக்கத்தில் வெள்ளை வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையுமாகக் கழுதைக்கயிற்றைப் பிடித்து நின்றவரைப் பார்த்து ஆட்கள் சிரித்தார்களே ஒழிய, பிள்ளைகளை ஏற்றவில்லை. சங்கு, சிப்பி மாலை விற்கும் இன்பமணிதான் பார்க்கப் பொறுக்காமல் தன் மகளை முதலில் ஏற்றிவிட்டாள்.

"அண்ணாச்சி, வாயத் தொறந்து கூப்பிடுங்க. துணிக்கடையில நின்னாப்ல நின்னா எவன் வருவான்?" என்றாள்.

அவரும் கூப்பிடப் பழகினார். பள்ளிக்கூட விடுமுறையில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். கடற்கரைக்குச் சற்றுத் தள்ளி ஒரு ஓலைக்குடிசை பிடித்துத் தங்கிக்கொண்டார். எப்போதாவது டவுணுக்குப் போவார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டே சோறு போடுவாள். பிருந்தா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, "மன்னாரு இப்பவும் முரண்டு பிடிக்கானா?" என்று கேட்பாள்.

மறு வருஷம் அவளுக்கு நாகர்கோவிலில் மாப்பிள்ளை அமைந்தது. பேங்கில் வேலை, நல்ல இடம். "கல்யாணம் தை பொறந்த பெறவுதான்" என்று அம்மா சொன்னாள். ஆவுடைநாயகத்துக்குத் தரையில் கால் பாவவில்லை. அண்ணன் ஸ்தானத்தில் நின்று செய்ய வேண்டியதையெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டார்.

ஆவணியில் ஒருநாள் பிருந்தா தனியாக பஸ் ஏறி வந்தாள். அவருக்குப் பிடித்த புளியோதரை கட்டிக் கொண்டுவந்திருந்தாள். குடிசை வாசலில் உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணே, என்கூடப் படிச்சவ ஒருத்தி புன்னக்காயல்ல இருக்கா. வார ஞாயித்துக்கிழம அங்கன மாதாகோயில்ல விசேஷமாம். பிள்ளையளுக்குக் கழுதச் சவாரி வேணும்னு கேக்காவ. நீ போறியா?"

"நீ சொன்னா போகாம இருப்பனாட்டி?"

"ரெண்டு நாளு இருந்துட்டு வா. கட்டாயம் போயிரு, என்னண்ணே?"

பஸ் ஏறும்போது அவள் கண் கலங்கியது. கல்யாணமாகிப் போகப்போகிற பிள்ளை, அதனால்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை விடியலில் கிளம்பினார். உப்பளத்துக் காற்றில் கண்ணெரிய, கழுதைகளை வழியெல்லாம் நிழல் பார்த்து நிறுத்தி, தண்ணீர் காட்டி, பொழுது இறங்கும் நேரத்தில் புன்னக்காயல் போய்ச் சேர்ந்தார். மாதாகோயில் முற்றத்தில் ஒரு தோரணம்கூட இல்லை. வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் அவரையும் ஜரிகை வைத்த கழுதைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விசேஷமா? இப்ப ஒண்ணுங் கிடையாதேவே. உம்மகிட்ட எவன் சொன்னது?"

அப்போதும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. கிழமையை மாற்றிச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது என்றே நினைத்தார். அந்த மனிதர் வீட்டிலேயே மீன்குழம்பும் சோறும் போட்டார்கள். படுத்து எழுந்து மறுநாள் திரும்பினார்.

திருச்செந்தூர் கடற்கரையில் இன்பமணி எழுந்து நின்று அவரையே பார்த்தாள்.

"எங்க போனிய அண்ணாச்சி? அன்னைக்கு ஒங்களத் தேடி வந்துச்சே, அந்தத் தங்கச்சி கழுத்துல இன்னைக்குக் காலைல கோயில்ல வச்சு தாலி ஏறிட்டு. முருகன் சன்னதியிலதான் கட்டுவோம்னு மாப்பிள வீட்டுல நேந்திருந்தாவளாம். நான் கிட்டப் போயி, அண்ணாச்சிய எங்கன்னு கேட்டேன். அந்தப் பிள்ள தலையக் குனிஞ்சிட்டு. ஒங்க அம்மைதான், 'அவன் பம்பாய்ல பெரிய கம்பெனியில இருக்கான், லீவு கெடைக்கல'ன்னு மாப்பிள வீட்டாரு காதுபடச் சொன்னாவ."

ஆவுடைநாயகம் கயிற்றை விடாமல் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அம்மா மறைத்ததில் அவருக்கு ஆச்சரியமில்லை. அம்மா தொடக்கத்திலிருந்தே மூஞ்சிக்கு நேராக வெட்கப்பட்டவள். ஆனால் புளியோதரை கட்டி வந்தவள்? தன் கையாலேயே சேணம் தைத்துக் கொடுத்துவிட்டு, அந்தச் சேணத்தோடேயே அவரைக் கண்காணாத இடத்துக்கு அனுப்பியவள்? 'வராதே அண்ணே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், குடிசைக்குள்ளேயே கிடந்திருப்பாரே. கோபுரம் தெரிகிற திசையைக்கூடப் பார்த்திருக்கமாட்டாரே.

அன்றைக்குப் பிறகு அவர் டவுணுக்குப் போகவில்லை. சவாரியை நிறுத்தவுமில்லை. பிள்ளைகளை ஏற்றினார், இறக்கினார். கூவி அழைப்பது மட்டும் நின்றுபோயிற்று. அவருக்குமாகச் சேர்த்து இன்பமணிதான் கூவினாள்.

ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு மத்தியானம் பிருந்தா வந்து நின்றாள். இடுப்பில் ஆண் குழந்தை. முகம் அவர் சாயலாகவே இருந்தது.

"அண்ணே, இவனுக்கு மொட்ட போட்டு காது குத்தணும். தாய்மாமன் மடியிலதான உக்கார வைக்கணும்? அவுக வீட்டுல, பம்பாய் மாமா எப்ப வாராருன்னு கேட்டுக்கிட்டே இருக்காவ."

அவர் மன்னாருவின் சேணத்தை இழுத்துச் சரிசெய்தார்.

"பேண்ட் சட்ட நான் எடுத்துத் தாரேன். நாகர்கோவில்ல டேசன்லயே வந்து கூப்பிட்டுக்கிடுவோம். ஒரேயொரு நாளு, அண்ணே. ரயில்ல வந்ததாச் சொல்லிக்கிடலாம்."

"புன்னக்காயல்ல விசேஷம்னு சொன்னியே, அத யாரு யோசிச்சது? அம்மையா?"

அவள் குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள். "நான்தாண்ணே" என்றாள். "வேற எப்பிடிச் சொன்னாலும் நீ வந்து எட்டி நின்னாவது பாப்பன்னு தெரியும்."

அது உண்மைதான். அதனால்தான் அவருக்குத் தாங்கமுடியவில்லை.

குழந்தை கழுதையைப் பார்த்துக் கையை நீட்டித் துள்ளியது. அவர் கை தானாக அதை வாங்க எழுந்தது, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"கழுதைக்கார மாமான்னு சொல்லிக் கூப்பிடு. இந்த வேட்டியோட நடந்தே வாரேன். இல்லன்னா வேற மடி பாத்துக்கிடு."

பிருந்தா அழுதாள். ஆனால் சரி என்று சொல்லவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தாள். காதுகுத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவனை உட்கார வைத்தார்கள் என்று பிற்பாடு யாரோ வந்து சொன்னார்கள். ஆவுடைநாயகம் வேறொன்றும் கேட்கவில்லை. எந்தக் காதில் குத்தும்போது பிள்ளை அதிகமாக அழுதது என்று மட்டும் விசாரித்தார்.