வாலுக்கு வந்த வினை

திண்டுக்கல்லில் நான் வைத்திருப்பது இரும்புச் சாமான் கடை. எலிப்பொறியும் எலி பிடிக்கும் பசை அட்டையும் விற்கிற என் வீட்டில் இரண்டு வெள்ளெலிகள் வளர்ந்தன. காந்திகிராமத்தில் படிக்கும் மகள் ஆசைப்பட்டு வாங்கியவை. ஹாஸ்டலில் அனுமதி இல்லை என்றதும் எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாள்.

வந்த நாளில் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த என் மனைவி, கொஞ்ச நாளிலேயே அவற்றுக்குத் தோசை ஊட்ட ஆரம்பித்தாள். இரண்டும் உருண்டு திரண்டன.

"ஏங்க, பிள்ளைக மூச்சு வாங்குதுக. ஓடியாட ஏதாச்சும் வாங்கணும்" என்றவள், போனிலேயே ஒரு கம்பிச் சக்கரத்தை ஆர்டர் போட்டாள்.

சக்கரம் சின்னது. எலிகளில் மூத்தவள் ஏறியதும் முதுகு வில்லாக வளைந்தது. ஆனாலும் ஓடினாள். மனைவி கைதட்டிக்கொண்டிருக்கும்போதே வால் கம்பி இடுக்கில் போய்ச் சிக்கியது. அந்தக் கீச்சு எதிர்வீடு வரை கேட்டிருக்கும். நான் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி வாலை விடுவித்தேன். நுனியில் தோல் உரிந்து ரத்தம்.

"டாக்டர்கிட்ட தூக்குங்க!"

எதில் தூக்குவது? அவசரத்துக்குக் கையில் கிடைத்தது கடையின் புது எலிப்பொறிதான். துணி விரித்து உள்ளே விட்டுக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு வண்டியை விரட்டினேன்.

அங்கே ஆடும் மாடுமாகக் கூட்டம். குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து ஆட்டோடு வந்திருந்த ஓர் அம்மா, பொறிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏப்பா, பொறியில விழுந்தத அங்கனயே அடிச்சுப் போடாம இம்புட்டுத் தூரமா கொண்டாருவ?"

"இது வளக்குற எலிம்மா. வாலுல அடி."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஆட்டைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

டாக்டர் சிரிக்காமல் காயத்தைக் கழுவி மருந்து போட்டார். "கம்பிச் சக்கரம் எலிக்கு ஆகாதுங்க. வாலும் விரலும் மாட்டும். இடுக்கே இல்லாத சக்கரமா, முதுகு வளையாம ஓடுற அளவுக்குப் பெருசா இருக்கணும்" என்றார்.

கடைகளில் அப்படி ஒன்று கிடைக்கவில்லை. நானே இறங்கினேன். அகலமான பிளாஸ்டிக் பேசின் ஒன்றின் நடுவில் துளையிட்டு, பேரிங் பொருத்தி, பலகையில் நிமிர்த்தி மாட்டினேன். கால் வழுக்காமல் உட்புறம் ரப்பர் ஷீட். போல்ட் தலை கீறிவிடாமல் அதற்கும் ஒரு மூடி. சுற்றிவிட்டேன், சத்தமே இல்லை. நாள் முழுக்க எனக்கு ஒரே பெருமை.

"அரிசி களைய வச்சிருந்த என் பேசினு எங்கங்க?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும் வரை.

வால் ஆறியிருந்த சமயத்தில் மகள் லீவுக்கு வந்தாள். பையைக்கூட இறக்காமல் சக்கரத்தின் முன் உட்கார்ந்து, சுண்டுவிரலால் ஒவ்வொரு இடமாகத் தடவிப் பார்த்தாள்.

"பரவால்லப்பா. எங்கயும் மாட்டாது."

மூத்தவள் தயங்கித் தயங்கி ஏறினாள். முதுகு நேராக, வால் வெளியே நீள, ஓட்டமான ஓட்டம். இளையவளுக்குப் பொறுக்கவில்லை, குறுக்கே புகுந்து ஓடாமல் உட்கார்ந்தாள். சக்கரம் அவளை மேலே தூக்கிப் போய் மரத்தூள் மெத்தையில் தொப்பென்று தள்ளியது.

"ஐயோ!" என்று மூன்று பேரும் குனிந்தோம்.

அவள் எழுந்து மீசையைத் துடைத்தாள். மறுபடி ஏறி உட்கார்ந்தாள்.